கூடார வண்டியும் கூண்டு லொறியும்

மட்டக்களப்பு வாவியைக் காண வருவோர் பெரும்பாலும் கல்லடிப் பாலத்தில் நின்று, நிலாக் காலத்தில் மீன் பாடுகின்றதாவென்று செவிசாய்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். இங்கே பிறந்து வளர்ந்த எமக்கோ, வாவி என்றதும் முதலில் நினைவுக்கு வருவன அதன் இரு கரைகளே. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு முன்னோர் இட்ட பெயர்கள் இவை. பட்டினமும் பெரிய பாடசாலைகளும் நூல் நிலையங்களும் பெரும்பாலும் எழுவான்கரையில் அமைந்தன. நெல் படுவான்கரையில் விளைந்தது. நெல் இக்கரைக்கு வந்துகொண்டே இருந்தது. நூல் அக்கரைக்குப் போவதுதான் அரிதாயிற்று.

பழைய லொறியொன்றின் உட்புறத்தைத் திருத்தியமைத்த கதையைச் சொல்ல வந்தவன், இரு கரைகளைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர் வினவலாம். அந்த லொறிக்குள் எதை வைப்பது, எதை நீக்குவது என்ற வழக்கைத் தீர்த்துவைத்தது இந்த வாவியே என்பதால்தான் அங்கிருந்து தொடங்கினேன்.

மரநிழலில் ஒரு வீடு

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எம் கரையை அழித்தபின், உதவி செய்ய வந்தவர்கள் பலவகை வாகனங்களோடு வந்தார்கள். அவற்றுள் ஒன்று யப்பானியச் சிறு லொறி. அதன் பின்தட்டில் ஒரு கூண்டு ஏற்றிவைக்கப்பட்டிருந்தது. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு. உள்ளே மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஓராள் நிமிர்ந்து நிற்கத்தக்க உயரம். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கை கழுவும் கிண்ணம், சுவரெல்லாம் சிறு அலுமாரிகள். பகலில் மருந்து கொடுக்கும் இடமாகவும் இரவில் உறங்கும் இடமாகவும் அது பயன்பட்டதென்பர். வேலை முடிந்து அவர்கள் போனார்கள். வண்டி கைமாறிக் கைமாறி, ஈற்றில் என் உறவினர் ஒருவரின் வளவில் மாமரத்தடியிற் பல ஆண்டுகள் நின்றது. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், ஏறத்தாழப் பழைய இரும்பின் விலைக்கே நான் அதனை வாங்கினேன்.

வாங்கியபோது என் மனத்திலிருந்தது பொதுநலமன்று, சுத்தமான சுயநலம். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960ஆம் ஆண்டில், தமது ஐம்பத்தெட்டாவது வயதில், இத்தகைய கூண்டு ஏற்றிய லொறியொன்றில் சார்லி என்னும் நாயுடன் தம் நாட்டைச் சுற்றிப் புறப்பட்டார். டொன் குவிக்சோட்டின் குதிரைப் பெயரான ரோசினான்ரே என்பதையே வண்டிக்கும் இட்டார். அப்பயணத்தை அவர் நூலாக்கியது 1962இல். அவர் நோபல் பரிசு பெற்றதும் அவ்வாண்டிலேயே. அந்த வண்டி இன்றும் கலிபோர்ணியாவின் சலீனாஸ் நகரில், அவர் பெயரிலமைந்த நிலையத்திற் காட்சிக்கு இருக்கின்றது. மாணவர்க்கு அவர் கதைகளைச் சொல்லிக் கொடுத்த நாள்முதல் அப்படியொரு வண்டி எனக்கும் வாய்க்காதாவென்ற ஆசை இருந்தது. கதிர்காமம் வரை ஒரு தரம், மன்னார் வரை ஒரு தரம், நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்தபோது உறங்கி எழுந்து போகலாமன்றோ?

உண்மையில் இந்த ஆசை அமெரிக்காவிலிருந்து வந்ததுமன்று. என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு கரத்தை இருந்தது. அறுவடைக் காலத்திலும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் திருவிழாவின்போதும் அதற்குக் கூடாரம் கட்டுவார்கள். அடியில் வைக்கோல், அதன்மேற் பன்பாய், வளைத்துக் கட்டிய கம்புகளின்மேற் கிடுகு, பின்புறம் தொங்கும் பானை, அச்சின் கீழே ஆடும் அரிக்கன் விளக்கு. அதற்குள்ளே நாங்கள் ஐந்தாறு பிள்ளைகள். மண்முனைத் துறையில் வண்டியை ‘பாதை’யில் ஏற்றுவார்கள். வெளியூரார்க்குப் பாதையென்றால் வழி. எமக்கோ வாகனங்களை வாவி கடத்தும் மிதவையும் பாதையே. நீரின்மேல் நிலை கொண்ட அந்தக் கூடாரத்துக்குள் படுத்திருந்த சிறுவனே, அறுபது ஆண்டுகளின் பின் லொறியை வாங்கினான் என்பது பொருந்தும்.

ஈரம் வந்த வழி

கதவைத் திறந்தபோது முதலில் எதிர்கொண்டது பூஞ்சண நாற்றம். சுவரிற் பெருவிரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தாள்களைப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. பசை விட்டுப்போனால் அது பலகையன்று. ஈரமான கடுதாசிக் கட்டு. கட்டிலின் தலைமாட்டில் பெரியதொரு கறை. ஓட்டை அங்கேதான் என்று முடிவு செய்து, நானே ஒரு தகரத்தை வைத்து அடைத்தேன். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே ஈரம்.

அதன் பின்னரே காத்தான்குடியிலிருந்து ஓர் ஓடாவியாரை அழைத்துவந்தேன். இளமையில் தோணி கட்டியவர். பிற்காலத்தில் வீட்டுத் தளபாடம் செய்தவர். வயதில் என்னிலும் மூத்தவராதலால் நான் அவரைக் ‘காக்கா’ என்பேன். அவர் என்னை ‘மாஸ்டர்’ என்பார். 1990ஆம் ஆண்டின் பின் எம்மிரு சமூகங்களுக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய அச்சத்தை இருவரும் அறிவோம். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் முதல்நாள் உளியை எடுக்கவில்லை, வாளியையே எடுத்தார்.

“கறை இரிக்கிற இடத்துல ஓட்டை இரிக்காது மாஸ்டர். தண்ணி ஒரு இடத்தால பூந்து, சட்டம் புடிச்சி நடந்து, வேறொரு இடத்துல இறங்கும்” என்றார்.

என்னை உள்ளே விளக்குடன் நிறுத்திவிட்டு, வெளியே கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இணைப்பிலும் தனித்தனியே நீர் வார்த்தார். மேலிருந்து வார்த்தால் வழியும் நீர் எல்லா இணைப்புகளையும் நனைத்துவிடும். எது குற்றவாளியென்று தெரியாது. கீழே உள்ளவற்றையெல்லாம் சோதித்து விடுவித்துக்கொண்டு மேலே போனால், ஓரிடத்தில் உள்ளே ஈரம் காணும். அவ்வாறே கண்டது, கட்டிலுக்கு எதிர்ப்புறத்தில், கூரையும் முன்சுவரும் கூடும் மூலையில். அங்கு நுழைந்த நீர் குறுக்குச்சட்டத்தின் வழியே ஆறடி பயணஞ் செய்து, என் கட்டிலின் தலைமாட்டில் இறங்கியிருக்கின்றது. நாற்பதாண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு இது நல்ல பாடமாகப்பட்டது. பிள்ளையின் குறை தெரியும் இடம் ஒன்று. குறை புகுந்த இடம் வேறு.

நீர் நுழைந்ததற்குக் காரணமும் வாவியே. அலுமினியத் தகட்டை இரும்புத் திருகாணிகளால் முடுக்கியிருந்தார்கள். இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, அவற்றின்மேல் உப்புக் காற்றின் ஈரம் படியுமானால், அங்கே சின்னஞ்சிறு மின்கலமொன்று உருவாகிவிடும். அலுமினியம் திருகாணியைச் சுற்றிச் சுற்றி அரிக்கப்பட்டு வெண்பொடியாய் உதிரும்; துளை பெருக்கும். இரசாயன பாடத்திற் கரும்பலகையில் வரைந்து காட்டப்படும் மின்கலத்தை இங்கே கூரையிலே கண்டேன். துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளை, உலோகமும் உலோகமும் தொடாதபடி இறப்பர் வில்லையிட்டுப் பூட்டினோம். முன்னாளிலே தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சையும் குங்கிலியத்தையும் இட்டு அடைப்பார்கள். இன்று குழாயிலடைத்த பசை அந்த வேலையைச் செய்கின்றது. பொருள் மாறினும் முறை மாறவில்லை: பழையதைச் சுரண்டி எடு, காயவிடு, பின்னரே அடை. ஈரத்தின்மேல் அடைத்த அடைப்பு, ஈரத்தை உள்ளே சிறைவைக்கும் வேலையையே செய்யும்.

காயவைப்பதற்குக் கச்சான் காற்றை நம்பினோம். வாடையோடு வரும் மாரிமழைக் காலத்தில் எம்மூரில் எதுவும் உலராது. மேற்கிலிருந்து வெப்பமாக வீசும் கச்சானோ ஈரத்தை உறிஞ்சிவிடும். அழுகிய பலகைகளைக் கழற்றிவிட்டு, கதவையும் யன்னல்களையும் திறந்து, வெறுங்கூட்டை மூன்று கிழமை காற்றில் விட்டோம். அப்போதுதான் என் பழைய மாணவரொருவர் வந்தார்.

எதை நீக்குவது?

அவர் இப்போது படுவான்கரையில் ஒரு சிறு பாடசாலையில் ஆசிரியர். வெறுங்கூட்டினுள்ளே ஏறி நின்று நாற்புறமும் பார்த்தார். நான் கட்டில் வரும் இடத்தையும் அடுப்பு வரும் இடத்தையும் காட்டிப் பெருமையோடு விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டபின், “சேர், இதுக்குள்ள எவ்வளவு புத்தகம் வைக்கலாம்?” என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

அவருடைய பாடசாலையில் நூலகமென்பது பூட்டிய அலுமாரி ஒன்று. அதிலுள்ளவற்றைப் பிள்ளைகள் படித்து முடித்துப் பல நாளாயிற்று. கிழக்கிற் போர் ஓய்ந்த 2007 வரை வாவியின் துறைகள் சோதனைச் சாவடிகளாய் இருந்தன. அக்காலத்தில் வளர்ந்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டனர். 2014இல் மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது. பாலம் வந்தது, பஸ் வந்தது, கைத்தொலைபேசியும் வந்தது. கதைப்புத்தகம் மட்டும் தானாக நடந்து போகாது. இவற்றை அவர் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு விடையாகவே சொன்னார்.

அன்றிரவு நான் சரியாக உறங்கவில்லை. ஒவ்வோர் அங்குலத்துக்கும் இருவர் வழக்காடினர். ஒருவர் என் முதுகு; மற்றவர் நான் காணாத ஏதோவொரு பிள்ளை.

நூல்கள் வண்டியேறிப் போவது புதுமையன்று. இங்கிலாந்தின் வொரிங்டன் நகரில் 1858ஆம் ஆண்டிலேயே குதிரை வண்டி நூலகம் வீதிவீதியாகச் சென்றது. அமெரிக்காவின் மேரிலாந்தில், மேரி ரிற்கொம் என்னும் அம்மையார் 1905இல் குதிரை வண்டியொன்றிற் கமக்காரர் வீடுகளுக்கு நூல்களை அனுப்பினார். 1910இல் அவ்வண்டி புகைவண்டியில் மோதிச் சிதைந்தது, அம்மையார் சோர்ந்துவிடவில்லை, 1912இல் மோட்டார் வண்டியைக் கொண்டுவந்தார். இவற்றிலும் எமக்கு நெருக்கமானது தமிழகத்து மன்னார்குடிச் செய்தி. அங்கே மேலவாசல் என்னும் ஊரில் 1931ஆம் ஆண்டு ஒக்டோபரில், எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்பவர், நூலகவியல் மேதை எஸ். ஆர். அரங்கநாதனின் ஊக்கத்தோடு மாட்டுவண்டியில் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். அரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அவ்வாண்டே. வாசகன் நூலைத் தேடி வரட்டுமென்று காத்திராமல், நூல் வாசகனிடம் போகவேண்டுமென்பது அவர் கொள்கை.

மாட்டுவண்டி! எங்கள் கரத்தையும் அதுவேதான். அதிலே நெல்லையும் ஆட்களையும் ஏற்றினோம். நூலை ஏற்ற வேண்டுமென்று எமக்குத் தோன்றவில்லை. மறுநாட் காலை ஓடாவியாரிடம் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டாமென்றேன். அவர் ஒன்றுங் கேளாமல், சுவரில் வரைந்திருந்த அடுப்பின் கோட்டைக் கையால் அழித்தார்.

பாரமும் காற்றும்

நூலின் பாரம் அதைச் சுமந்தவர்க்கே தெரியும். ஓரடி நீளத் தட்டில் நெருக்கமாக அடுக்கிய நூல்கள் ஏறத்தாழ 10 கிலோகிராம் நிறைகொள்ளும். நான் ஆசையால் நூறடித் தட்டுக்குத் திட்டமிட்டேன். அது ஒரு தொன்னுக்குச் சமம். பலகையும் ஆட்களும் சேர்ந்தால் பழைய வண்டியின் வில்லுகள் என்னாவது? அறுபதடியோடு நிறுத்தும்படி ஓடாவியார் வற்புறுத்தினார். கனத்த நூல்கள் கீழ்த்தட்டில், பின்னச்சுக்கு முன்னால். மெல்லிய கதைநூல்கள் மேலே. இடப்புறமும் வலப்புறமும் ஒத்த நிறை. உச்சியிற் பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். தோணியில் மீன் ஏற்றுவதும் இப்படித்தான் என்றார்.

மரத்தைத் தெரிவதிலும் அவர் சொல்லே வென்றது. நான் முதிரையை விரும்பினேன். எங்கள் வீட்டுக் கதவு முதிரை. அது வைரம் பாய்ந்த மரம், ஆனாற் கனம். அவர் மலைவேம்பைக் கொண்டுவந்தார். இலகுவான மரம், மிதவைகளுக்கும் பெட்டிகளுக்கும் அதை ஆள்வதுண்டு. “நிக்கிற வீட்டுக்கு முதிரை; ஓடுற வீட்டுக்கு இதுதான்” என்றார்.

தட்டுகளைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டோம். வெயிலில் காய்ந்த தகடு இரவிற் குளிரும்போது உட்புறத்தில் ஈரம் வியர்க்கும். காற்று உலாவ வழியில்லையேல் நூலின் முதுகு பூஞ்சணம் பிடிக்கும். தரையோரத்தில் ஒரு காற்றுவாயும், அதற்கெதிரே கூரையில் மூடியோடு கூடிய ஒரு வாயும் வைத்தோம். சூடான காற்று மேலே வெளியேற, குளிர்ந்த காற்று கீழே நுழையும். கூரைக்கு வெள்ளை வர்ணம் பூசினோம்; வெயிலைத் திருப்பியனுப்ப அதனினும் மலிவான வழியில்லை. இராமபாணப் பூச்சிக்கு அஞ்சித் தட்டுகளின் மூலையில் உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் வைத்தாள் என் மனைவி. யன்னற் சீலை மருதமுனைக் கைத்தறி. கட்டிலை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டடி அகலத்துக்குச் சுருக்கி, பின்சுவரோரம் வைத்தேன். அதன் கீழும் நூற்பெட்டிகள்.

இந்த வேலையில் ஒரு பிழை நேர்ந்தது. அது முழுவதும் என்னுடையது. தட்டுகள் சற்றே பின்சாய்ந்திருக்கவேண்டும், முன்விளிம்பில் மூன்றங்குலத் தடுப்புச் சட்டமும் வேண்டுமென்றார் ஓடாவியார். அவ்வளவு உயரமிருந்தால் நூல்களின் பெயர் மறையும், பிள்ளைகளுக்குத் தெரியாதென்று வாதிட்டு, ஓரங்குலமே போதுமென்றேன். “ஒங்கட விருப்பம் மாஸ்டர்” என்று மட்டும் சொன்னார்.

பாலத்துக்கு அப்பால்

விதிப்படி பெறவேண்டிய அனுமதிகளைப் பெற்று, ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். மண்முனைப் பாலத்தில் ஏறியபோது, அன்று பாதையில் மிதந்த கூடாரத்தை நினைத்துக்கொண்டேன். நீர் அதே நீர். கண்ணா மரங்களும் அவ்வாறே நின்றன. பாலங் கடந்து சிறிது தூரத்தில், வீதியைக் குறுக்கறுத்து மாடுகள் வந்தன. வண்டி சட்டென்று நின்றது. பின்னாலே மழை பொழிவதுபோல் ஓர் ஓசை. கதவைத் திறந்தேன். வித்துவான் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ முதலாகச் சிறுவர் படக்கதை ஈறாக, யாவும் தரையிற் சமத்துவமாய்க் கிடந்தன. கூடவே வந்திருந்த ஓடாவியார் எட்டிப் பார்த்தார், ஒன்றுஞ் சொல்லவில்லை. அந்த ‘ஒன்றுஞ் சொல்லாமை’யை நான் என்றும் மறவேன்.

ஆகவே பாடசாலையைச் சேர்ந்தபோது எம்மிடமிருந்தது ஒழுங்கான நூலகமன்று; ஒரு நூற்குவியல். பிள்ளைகள் ஒவ்வொருவராய் ஏறினார்கள். அடுக்கியிருந்தால் தொட அஞ்சியிருப்பார்களோ என்னவோ, குவிந்து கிடந்ததைக் கண்டதும் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள். பொறுக்கியதைத் தட்டில் வைக்குமுன் திறந்து பார்த்தார்கள். திறந்து பார்த்தவர்கள் வைக்கவில்லை. சிறிது நேரத்தில் வண்டிக்குள் பேச்சொலி அடங்கிவிட்டது. என் இரண்டடிக் கட்டிலில் நான்கு சிறுமிகள் நெருக்கியமர்ந்து ஒரே தேசப்படத்தை மடியில் விரித்திருந்தார்கள். அதிலொருத்தி வாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். உலகப்படத்தில் அது இல்லை. இலங்கைப் படத்தை எடுத்துக் காட்டினேன். நீளவாக்கிற் கிடந்த அந்த நீலக் கீற்றில் விரலை வைத்து, “இதுல எங்கட பக்கம் எது சேர்?” என்றாள். விரலை மேற்குப்புறம் நகர்த்திவிட்டேன்.

அடுத்த கிழமையே தட்டுகளுக்கு மூன்றங்குலச் சட்டம் வந்தது. பெயர் மறைகின்றதே என்ற என் கவலைக்கும் ஓடாவியார் விடை வைத்திருந்தார்: பலகைக்குப் பதில் இரண்டு மெல்லிய கம்பிகள். தடுக்கவும் தடுக்கும், மறைக்கவும் மாட்டா. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். “நீங்க கேக்கல்லியே மாஸ்டர்” என்றார். இப்போது மாதத்தில் இரு சனிக்கிழமைகள் வண்டி போகின்றது. அவர் பேரன் ஓட்டுகின்றான். என் மாணவர் பதிவேடு எழுதுகின்றார். திரும்பி வராத நூல்களும் சில உண்டு. அவற்றை நான் நட்டக் கணக்கில் எழுதுவதில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். நம் ஊர்களில் மரநிழலிலும் பாடசாலை வளவுகளிலும் பழைய வாகனங்கள் பல உக்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைத் திருத்த எண்ணுவோர், வர்ணத்தையும் மெத்தையையும் பற்றி முதலில் நினைக்கவேண்டாம். நீர் எவ்வழி புகுகின்றதென்று பாருங்கள், அழுகியதைத் தயங்காமல் எடுங்கள், காயும்வரை பொறுத்திருங்கள், அறிந்தவரின் சொல்லைக் கேளுங்கள். அதன்பின், உள்ளே மிஞ்சியிருக்கும் இடம் யாருக்குரியதென்று உங்களை நீங்களே வினவிக்கொள்ளுங்கள். விடை கிடைத்துவிட்டால், எந்தப் பலகை எங்கே வரவேண்டுமென்பது தானாகவே விளங்கும்.

கதிர்காமத்துக்கு நான் இன்னும் அந்த வண்டியிற் போகவில்லை. கட்டிலிலும் ஓரிரவேனும் உறங்கவில்லை. சனிக்கிழமைகளில் அது நிறைந்துவிடுகின்றது.